குன்னூர் வாடகை வீடும் அதன் பின்சுவரும்

2024 மார்ச்சில், குன்னூரை அடுத்த ஒரு சரிவில், இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட பழைய ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு விடும் எண்ணத்தோடு வாங்கினேன். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் கடன் எதுவும் இல்லை. ஆனால் தாய்ப்பத்திரம் விற்பவரின் தந்தை பெயரில் இருந்தது, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிய பிறகே, விற்பவருக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு தங்கை இருப்பது தெரிந்தது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு இணையான பங்கு மகளுக்கும் உண்டு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. விற்பவரோ, “அவளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு” என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அவர் பங்குத் தொகை அவர் கணக்குக்கே போக வேண்டும் என்பதில் நான் இறங்கி வரவில்லை; வழக்கு வரும் என்ற பயத்தைவிட நியாயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதன்பின் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் செலுத்திப் பத்திரம் பதிந்தோம்.

நான் செய்த தவறு, வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்தது. குன்னூருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஆனால் அதற்கு முன், ஜூன் மழையிலேயே பின்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் பூச்சு பிசைந்த மாவைப் போல உள்ளே போனது. மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூசியிருந்ததால், உள்ளே புகுந்த ஈரம் காய்வதற்கு வழியே இல்லை.

வந்த மேஸ்திரி, அந்தச் சுவரில் நேரம் செலவிடாமல் நேரே வீட்டுக்குப் பின்னால் போய், மண்மேட்டைத் தாங்கி நின்ற தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “தண்ணி வெளிய போக ஒரு ஓட்டைகூட இல்ல சார். இதச் சரி பண்ணாம உள்ள எத்தன தடவ பூசினாலும் காசுதான் போவும்” என்றார். நீலகிரியில் அனுமதியின்றிப் பொக்லைன் வைத்துச் சரிவைத் தோண்ட முடியாது; 2009 நவம்பர் மண்சரிவுகளை நினைவில் வைத்திருக்கும் எவரும் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாக நான்கு பேர் இறங்கி, வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே வாய்க்கால் வெட்டி, சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்தில் ஆறு துளைகள் போட்டுக் குழாய் செருகினார்கள். முதல் துளை விழுந்ததும் டிகாக்‌ஷன் நிறத் தண்ணீர் பீய்ச்சியடித்து, கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. பிறகு உள்ளே சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு மாதம் காற்றாட விட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். பழுதுபார்க்க ஒதுக்கியிருந்த ஒன்றரை லட்சத்தில் முக்கால் பங்கு இதற்கே போனதால், சமையலறை மேடைக்குப் புதுக் கல் போடும் ஆசையைத் தள்ளிவைத்தேன்.

செப்டம்பரில் ஓர் ஆசிரியை குடிவந்தார். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து, சட்டம் அனுமதிக்கும் மூன்று மாத வாடகையை மட்டும் முன்பணமாக வாங்கினேன்.

அக்டோபர் கடைசியில் இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, பின்னறைச் சுவர் காய்ந்தே இருந்தது. ஐந்து குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவதை மண் அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தியதும் அதுவும் ஓடத் தொடங்கியது.