நலமாக இருக்கும் முயல்களை மருத்துவரிடம் கொண்டுசென்றபோது

எங்கள் வீட்டு முயல்களான கரியனும் மல்லியும் நன்றாகத் தின்று, நன்றாக ஓடித் திரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். நோய் எதுவும் இல்லாதபோது மருத்துவர் எதற்கு என்ற கேள்வி வீட்டிலேயே எழுந்தது. நாய் நொண்டினால் தெரிந்துவிடும். பூனை உண்ணாமல் கிடந்தாலும் தெரிந்துவிடும். முயல் அப்படியன்று. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி ஆகையால், தன் பலவீனத்தை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. அது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை நாம் கவனிக்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, வயதான முயலாயின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, அது மறைத்து வைத்திருப்பதைத் தேடிப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது.

அத்தகைய ஒருவரைத் தேடுவதே முதல் வேலையாக இருந்தது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் முயல் பழக்கமானதாக இருப்பதில்லை. உண்ணிக்காக நாய்களின் மேல் தடவும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு ஆகாது. அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் குலைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். ஆகவே தொலைபேசியில் விசாரித்தபோது, முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுவர வேண்டுமா என்று வேண்டுமென்றே கேட்டேன். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்ன இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அதைப் பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயம் உண்டு. கடைசியில் தேர்ந்தெடுத்த மருத்துவமனையில், "அவை வழக்கமாகத் தின்னும் புல்லையும் கையோடு எடுத்து வாருங்கள்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பயணக் கூண்டை முன்கூட்டியே அறையில் திறந்து வைத்து, உள்ளே ஒரு பழைய துண்டை விரித்து, அதன்மேல் காய்ந்த புல்லைப் பரப்பி வைத்தோம். மல்லி உடனே நுழைந்து தின்னத் தொடங்கினாள். கரியன் மோப்பம் பிடித்துவிட்டு நாள்கணக்கில் அதைப் புறக்கணித்தான். இருவரில் ஒருவரைத்தான் காட்ட வேண்டியிருந்தாலும் இருவரையும் சேர்த்தே கொண்டுசெல்ல வேண்டும் என்பது முயல் வளர்ப்பவர்கள் பலரும் கடைப்பிடிக்கும் முறை. துணை அருகில் இருந்தால் பயம் குறைகிறது. அன்றியும், மருத்துவமனை வாடையோடு ஒன்று மட்டும் திரும்பி வந்தால், வீட்டில் இருந்தது அதை அந்நியமாகக் கருதிச் சண்டைக்குப் போவதுண்டு. முயலுக்கு வெப்பம் தாங்காது என்பதால் காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினோம். காத்திருப்பு அறையில் நாய்கள் இருந்தன. கூண்டைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டேன்.

கையோடு கொண்டுபோனவற்றில் மிகவும் பயன்பட்டது எடைக் குறிப்புதான். சமையலறைத் தராசில் வாரந்தோறும் நிறுத்து எழுதி வந்த அந்தத் தாளை மருத்துவர் முதலில் வாங்கிப் படித்தார். சின்ன உடம்பில் நூறு கிராம் குறைவதுகூடப் பெரிய செய்தி. அடர்ந்த மயிருக்குள் அந்த இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. அன்று காலை இட்ட புழுக்கைகளை ஒரு டப்பியில் எடுத்துச் சென்றிருந்தோம். அவற்றை உடைத்து, உள்ளே நார் நாராகப் புல் தெரிகிறதா என்று பார்த்தார். கரியனின் சிறுநீர் சில நாள்களில் செங்கல் நிறத்தில் இருந்ததைப் படம் பிடித்து வைத்திருந்தேன். உணவிலுள்ள நிறமிகளால் அப்படி ஆவது உண்டு என்றும், இரத்தமா என்ற ஐயம் இருந்தால் ஒரு சாதாரணச் சிறுநீர்ச் சோதனையிலேயே தெரிந்துவிடும் என்றும் சொல்லி, அந்தச் சோதனையையும் செய்து இரத்தம் இல்லை என்று உறுதிப்படுத்தினார்.

பரிசோதனை மேசையில், கால் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். உதவியாளர் ஒரு கையை மார்புக்கடியிலும் மற்றொரு கையைப் பின்பகுதிக்கடியிலும் கொடுத்துத் தூக்கியதைக் கவனித்தேன். முயலின் எலும்புகள் மெலிந்தவை, பின்கால்களோ மிகுந்த வலுவுள்ளவை. பின்பகுதிக்குப் பிடிமானம் இல்லாமல் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். மருத்துவர் முதலில் முன்கால்களின் உட்புறத்தைத்தான் பார்த்தார். எனக்கு அது விளங்கவில்லை. மூக்கு ஒழுகினால் முயல் முன்காலாலேயே துடைத்துக்கொள்ளுமாம். மூக்கு சுத்தமாக இருந்தாலும் அங்கே மயிர் திரிந்து ஒட்டியிருந்தால் சளி இருப்பது பிடிபட்டுவிடும். பிறகு பாதங்களின் அடியில் மயிர் உதிர்ந்து புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்தார். முதுகு மயிரை விலக்கிப் பொடுகு போன்ற செதில்களைத் தேடினார். கீழ்த்தாடையின் ஓரமாக விரலை ஓட்டி முடிச்சு ஏதும் இருக்கிறதா என்று தடவினார். நிமிடத்துக்கு 200க்கு மேல் துடிக்கும் இதயத்தைக் கேட்டவர், ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றுக்கும் நகர்த்திக் குடலின் ஓசையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பற்களில்தான் நேரம் பிடித்தது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. உதட்டை விலக்கினால் தெரியும் முன்பற்களை நாமே பார்த்துவிடலாம். ஆனால் தொல்லை பெரும்பாலும் கடைவாயில் தொடங்குகிறது, வாயோ குறுகிய சுரங்கம் போன்றது. காது பார்க்கும் விளக்கின் கூம்பை வாயின் ஓரமாக நுழைத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மல்லியின் இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல்லின் ஓரம் நாக்கை நோக்கிக் கூர்மையாகச் சாய்ந்திருந்தது. நாக்கில் இன்னும் கீறல் இல்லை. அவளும் உண்பதை நிறுத்தவில்லை. அறுத்துச் சீராக்க மயக்க மருந்து தேவைப்படும் என்பதால், முதலில் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்றார். பெல்லட் எனப்படும் கெட்டியான குச்சித் தீவனத்தைக் குறைத்து, உணவில் 80 விழுக்காட்டுக்கு மேல் புல்லாக இருக்கும்படி செய்ய வேண்டும். பல் தேய்வதற்கு, புல்லைப் பக்கவாட்டில் நெடுநேரம் அரைக்கும் அசைவுதான் உதவும். கெட்டியான பெல்லட்டை இரண்டு கடியில் நொறுக்குவதால் பயனில்லை.

நகங்களை வெட்டியது, காதுகளைப் பார்த்தது எல்லாம் விரைவாக முடிந்தன. மல்லிக்குக் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முன்பே ஆகியிருந்தது. ஆகாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதைத் தவறாமல் விசாரிக்கிறார்கள். மிக்சோமடோசிஸ், முயல் இரத்தக்கசிவு நோய் ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. இவற்றுள் இரண்டாவது 1984இல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2010இல் பிரான்சில் அதன் புதிய வகை தோன்றியது. ஆகவே எந்தத் தடுப்பூசி எந்த வகைக்கு என்று கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியதும் கவனிக்க வேண்டியது ஒன்றே என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். அச்சத்தாலும் அலைச்சலாலும் முயல் உண்ணாமல் இருந்துவிடலாம். சுமார் 12 மணி நேரம் உணவோ புழுக்கையோ இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். மல்லி கூண்டிலிருந்து இறங்கியவுடனேயே புல்லை இழுத்துக்கொண்டாள். கரியன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாங்கள் அருகில் போகும்போதெல்லாம் பின்கால்களை உதறிவிட்டு நகர்ந்தான். மாலையில் கொத்தமல்லித் தழையை நீட்டியபோதுதான் வாயைத் திறந்தான். மல்லியின் பல்லை மீண்டும் பார்க்கும் நாளில் அவனையும் சேர்த்தே கொண்டுபோக நேரம் வாங்கியிருக்கிறோம்.