கர்ப்பிணியின் அலமாரியில் இருக்கும் வாசனை

மசக்கையின்போது சோறு கொதிக்கும் வாடையைக்கூடத் தாங்க முடியாமல் இருந்த என் தம்பி மனைவி, ஐந்தாம் மாதம் பிறந்ததும் பவுடர், பாடி லோஷன், செண்ட்டு என்று பழையபடி பூசத் தொடங்கினாள். "அண்ணி, இதெல்லாம் பிள்ளைக்கு ஆகாதா?" என்று அவள் கேட்டதால், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள மினி மார்க்கெட்டில் நின்று குப்பிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பெரும்பாலானவற்றில் பொடி எழுத்துகளுக்கு நடுவே 'பர்ஃபும்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. பல பத்து இரசாயனங்களின் கலவையை அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட விதிமுறைகள் இடம் தருகின்றன.

அக்கலவையில் அதிகம் பேசப்படுவது தாலேட் எனும் இரசாயன வகை. மணம் சட்டென ஆவியாகிவிடாமல் நீடித்து நிற்க டைஎத்தில் தாலேட் சேர்க்கப்படுகிறது. மலேசியா பின்பற்றும் ஆசியான் ஒப்பனைப் பொருள் நெறிமுறை, இதே குடும்பத்தைச் சேர்ந்த டைபியூட்டைல் தாலேட்டையும் டி.இ.எச்.பி.யையும் தடை செய்திருக்கிறது. டைஎத்தில் தாலேட்டைத் தடை செய்யவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷானா ஸ்வான் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பிணிகளின் சிறுநீரில் காணப்பட்ட தாலேட் கழிவுகளுக்கும் (உடலில் தாலேட் சிதைந்து வெளியேறும் பொருள்கள்) ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு வளர்ச்சியில் தென்பட்ட சிறு மாற்றத்துக்கும் தொடர்பிருப்பதாகக் கூறியது. ஆனால் அதே குழு 2015இல் வெளியிட்ட, இன்னும் பெரிய ஆய்வில் அத்தொடர்பு டி.இ.எச்.பி.க்கு மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. வாசனைப் பொருள்களில் மிகுதியாக உள்ள டைஎத்தில் தாலேட்டுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் எச்சரிக்கைகள் இந்த இரண்டாம் பாதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகின்றன.

அதற்காக எல்லாம் பாதுகாப்பானவை என்று விட்டுவிடவும் முடியாது. பல ஆண்டுகள் லோஷனிலும் ஷாம்புவிலும் தாராளமாகக் கலக்கப்பட்ட லிலியல் என்ற மணப்பொருள், இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டு, 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை செய்யப்பட்டது. மணத்துக்காகச் சேர்க்கப்படும் செயற்கைக் கஸ்தூரி வகைகள் தாய்ப்பாலிலேயே கண்டறியப்பட்டுள்ளன.

ஆறுதலான செய்தியும் உண்டு. தாலேட்டுகள் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். கலிபோர்னியாவில் நூறு இளம்பெண்கள் மூன்றே நாள் தாலேட் இல்லாதவை எனக் குறிக்கப்பட்ட மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்தியபோது, டைஎத்தில் தாலேட்டின் கழிவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்ததாக 2016இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஆகவே தேய்த்துக் கழுவிவிடும் சோப்பைவிட, நாள் முழுவதும் தோலிலேயே தங்கும் லோஷன், வயிற்றில் பூசும் கிரீம், செண்ட்டு ஆகியவற்றை முதலில் ஒதுக்கச் சொன்னேன். 'அன்சென்டட்' (மணமற்றது) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது; மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் மணம் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால் பட்டியலையே படிக்க வேண்டும். வளைகாப்புக்கு ஒரு நாள் சந்தனமும் ஜவ்வாதும் பூசுவதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, மாமியாரும் அதற்கு விடமாட்டார்.

என்னை உண்மையில் கவலைப்படுத்தியது வேறொன்று. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய, தயாரிப்பாளர் பெயரே இல்லாத வெளுப்புக் கிரீம் ஒன்றும் அவள் அலமாரியில் இருந்தது. இத்தகைய கிரீம்களில் பாதரசம் பிடிபட்டதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையையும் சென்றடையும். ஒப்பனைப் பொருள் அமைச்சிடம் முறையாக அறிவிக்கப்பட்டதா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இதற்குத் தட்டிப் பார்க்கப் பெயரே இல்லை. அன்றே குப்பையில் போட்டோம்.