ஒரு கட்டையில் ஒரு பொப் பாட்டு

கலியாண மண்டபத்தில் துண்டுக் கடதாசியில் எழுதி மேடைக்கு அனுப்பப்படும் பாட்டுகளில் பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘பேபி ஒன் மோர் டைம்’ இன்னும் வருகிறது. துண்டைப் பிரித்ததும் இசைக் கோஷ்டிக்குள் ஒரு நமுட்டுச் சிரிப்பு ஓடும். இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்களை நெஞ்சை நிமிர்த்தி வாசிக்கிறவர்களே இதற்கு முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூடப் பெட்டையளின் பாட்டாம். சிரித்துக்கொண்டு வாசித்தால் இந்தப் பாட்டு கெடும். கெடுகிற இடங்களும் எப்போதும் அதே இடங்கள்தான்.

முதலில் ஜி கோட், அதாவது ஜியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு. பாட்டு சீ மைனரில், எங்கள் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. சரணத்தின் வரிசை சீ மைனர், பேஸில் பி வைத்த ஜி, ஈ பிளாற், எப் மைனர், மறுபடி ஜி. மைனர் என்ற நினைப்பில் இடது கை ஜி மைனரைப் பிடித்துவிடும். வேண்டியது ஜி மேஜர். அதற்குள் இருக்கும் பி, அதாவது காகலி நிஷாதம், பாட்டை ஷட்ஜத்துக்கு இழுத்து வருகிறது. அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் விழுந்தால் நடபைரவி ராகம் போலத் தளர்ந்துவிடும். காகலி நின்றால் கீரவாணி ராகத்தின் வாசம். திருவிழா இரவுகளில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதில், சுவீடன்காரர் மக்ஸ் மார்ட்டின் எழுதி 1998இல் வெளிவந்த பாட்டு இவ்வளவு கெதியாக ஒட்டுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அடுத்தது தொடக்கம். பியானோவின் கீழ்ப்பக்கத்தில் மூன்றே தட்டு, பிறகு இடைவெளி. சனம் திரும்பிப் பார்ப்பது அந்த இடைவெளிக்காக. கீபோட்டில் ஸ்டைலை, அதாவது தானாக ஓடும் றிதத்தை, ஓடவிட்டுத் தொடங்கினால் ட்ரம்ஸ் வந்து அதை மூடிவிடும். ஆகவே முதல் தட்டுகளைக் கையால் வாசித்து, பிறகு றிதத்தை எடுக்க வேண்டும். சீமெந்துக் கூரை உயர்ந்த மண்டபங்களில் எக்கோவை முற்றாக நிறுத்துங்கள், ரிவேர்ப் எனும் முழக்கத்தை ஒரு செக்கனுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று தட்டும் ஒரே இரைச்சலாகிவிடும்.

வேகம் நிமிடத்துக்கு 93 அடி. ஆடுகிறவர்களைக் கண்டதும் ட்ரம்ஸ்காரர் 100க்கு ஓடுவார். மூன்றரை நிமிடப் பாட்டில் கால் நிமிடம்தான் குறையும், ஆனால் பாட்டின் நடை போய்விடும். இதன் ஆட்டம் அவசரத்தில் இல்லை, கொஞ்சம் பிந்தி விழுவது போன்ற கனத்தில் இருக்கிறது. மெட்ரோனோம் இல்லாமல் இதை ஒத்திகை பார்க்கவே கூடாது.

பாடகிக்குக் கீழ்ச் சுரம் கேட்கவில்லை என்று சுருதியை இரண்டரைக்கு ஏற்றுவது வழமையான பிழை. சரணத்தின் கரகரப்பு போய்விடும், பல்லவி கீச்சிடும். ஒரு கட்டையிலேயே விட்டு, மைக்கை உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடிக்கச் சொன்னால் குரலின் அடிப்பகுதி தானாகத் தடிக்கும். மிக்சரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் மூச்சுக்காற்று ‘புஸ்’ என்று அடிக்காது. பாட்டில் வரும் ‘ஹிட் மீ’ என்பதைப் பாடத் தயங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம்: எழுதியவர் நினைத்தது அடிப்பதை அல்ல, தொடர்புகொள்வதை. அமெரிக்கரின் பேச்சு வழக்கென்று அவர் எண்ணியதில் வந்த வினை அது. அமெரிக்கப் பெண்கள் குழுவான டீஎல்சி பாட்டை வேண்டாமென்றதும் அந்த வரியால்தான்.

கோஷ்டிகள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசிப் பல்லவியை. அங்கே இரண்டு மெட்டு ஒன்றன்மேல் ஒன்று போகிறது; முழுப் பாட்டும் அதற்காகவே கட்டப்பட்டது போலிருக்கும். இரண்டாம் குரல் இல்லையென்றால் மேலோடும் மெட்டைக் கீபோட்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் வாசிக்கலாம். ஆனால் குரலை விடச் சத்தம் ஒரு படி குறைவாக, பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் மட்டும் முன்னுக்கு வருமாறு.