வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க

எங்கிட்ட இருக்குறது 2017 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், இங்க பக்கத்துல ஸ்ரீசிட்டி ஃபேக்டரில செஞ்ச வண்டி. செகண்ட் ஹேண்டா வாங்கினேன். வீடு மேடவாக்கம், அப்பாவோட நிலம் உத்திரமேரூர் தாண்டி, வாரா வாரம் உர மூட்டை, பைப்பு, சில நாள் மோட்டார்னு ஏத்திக்கிட்டு போவேன். மழை நேரத்துல கடைசி ரெண்டு கிலோமீட்டர் வண்டிப் பாதைல டிராக்டர் போட்ட பள்ளத்துல அடி தட்டிக்கிட்டே இருந்துச்சு, அதான் லிஃப்ட் பண்ணலாம்னு, அதாவது சஸ்பென்ஷன மாத்தி வண்டியோட உயரத்த கூட்டலாம்னு இறங்கினேன். எத்தன இன்ச்சு எத்தன இன்ச்சுன்னே ஆறு மாசம் விசாரிச்சேன், கேக்க வேண்டிய கேள்வி அது கிடையாதுன்னு தெரிய அவ்ளோ நாள் ஆச்சு.

முதல்ல வெள்ளம் பத்தி சொல்லிடறேன், ஏன்னா எங்க ஏரியால லிஃப்ட் பத்தி பேசுற பாதிப் பேரு அதுக்காகத்தான் கேக்குறாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணி நின்னத பாத்தவங்களுக்கு அந்த பயம் புரியும், வேளச்சேரி மேம்பாலத்துல இப்பவும் மழை எச்சரிக்கை வந்தாலே கார் வரிசை கட்டி நிக்குது. ஆனா 2 இன்ச்சு தூக்கினா இன்ஜின் காத்து இழுக்குற இடமும் அதே 2 இன்ச்சுதான் மேல போகும், அத நம்பி இடுப்பளவு தண்ணில இறக்க முடியாது. அதோட ஓடி ஓடி சூடான டிஃபரென்ஷியல், அதான் ஆக்சில் நடுவுல இருக்குற கியர் உருண்டை, திடீர்னு குளிர்ந்த தண்ணில முங்கினா உள்ள காத்து சுருங்கி பிரீதர்ங்கற சின்ன காத்துத் துளை வழியா தண்ணிய உறிஞ்சும், எந்த லிஃப்ட்டும் அத தடுக்காது, பிரீதருக்கு ஒரு குழாய் போட்டு மேல கொண்டு போனாத்தான் உண்டு. வெள்ளத்துக்கு பயந்து லிஃப்ட் பண்றவங்க அந்தக் காச வேற எதுக்காவது வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, சஸ்பென்ஷன் லிஃப்ட்ல பாடியும் சேஸும்தான் மேல போகும், பின்னாடி ஆக்சில் நடுவுல இருக்குற அந்த உருண்டை அதே உயரத்துல தான் இருக்கும். அத தூக்க ஒரே வழி பெரிய டயரு. என் வண்டிக்கு வந்த டயரு 245/70 ஆர் 16, மொத்த விட்டம் 749 எம்.எம். 265/70 போட்டா 777. அதாவது 28 எம்.எம். ஜாஸ்தி, அதுல பாதி, 14 எம்.எம்.தான் ஆக்சிலுக்குக் கீழ கிடைக்கும். ஸ்பீடோ 100 காட்டுறப்ப நிஜத்துல 103, 104ல போயிட்டிருப்போம், கியர் இழுவையும் கொஞ்சம் குறையும். இத கணக்கு போட்டு பாத்துட்டு டயர மாத்த வேணாம்னு விட்டுட்டேன், பள்ளத்துல தட்டினது ஆக்சில் இல்ல, நடு வயிறுதான்.

முன்ன வச்சிருந்தவரு செலவு கம்மின்னு எங்கயோ ஸ்பேசர் போட்டு வச்சிருந்தாரு. ஷாக்குக்கு மேல ஒரு 25 எம்.எம். வட்டு. வி-கிராஸ்ல முன்னாடி டபுள் விஷ்போன், அதாவது வீல சேஸோட இணைக்குற மேல் கை, கீழ் கைன்னு ரெண்டு, அதோட காயில் ஸ்பிரிங்கு, ஷாக் கீழ் கையோட நடுவுல உக்காந்திருக்கு, அதனால மேல வச்ச 25 எம்.எம். வீல் கிட்ட வரும்போது கிட்டத்தட்ட 50 ஆயிடும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வீல் முழுசா கீழ தொங்குறப்ப கையும் அதே மாதிரி இன்னும் கீழ போகுது, கைய வீலோட இணைக்குற பால் ஜாயின்ட்டும், வீலுக்கு இன்ஜின் சக்திய கடத்துற சி.வி. ஜாயின்ட்டும் அதுக்கு செஞ்ச கோணத்த தாண்டி வளைஞ்சு நிக்குது. ஒரு நாள் செங்கல்பட்டு தாண்டி டீ குடிக்க இறங்கினா இடது பக்கம் முன் ரிம்முக்கு உள்பக்கம் பூரா கறுப்பா கிரீஸு, விசிறியடிச்ச மாதிரி. கைய விட்டு பாத்தா சி.வி. ஜாயின்ட்ட மூடியிருக்குற ரப்பர் உறையோட மடிப்புல விரல் நுழையுற அளவு கிழிசல், விரல் நுனியில கிரீஸோட மணல் நறநறன்னு. மணல் போயிட்டா அந்த ஜாயின்ட் கதை முடிஞ்சுது. ரப்பருக்கு வயசான வண்டி இதெல்லாம் தாங்காது, புது வண்டி வேணா கொஞ்ச நாள் பொறுக்கும்.

ஸ்பேசர கழட்டிட்டு சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோட்லயும் புதுப்பேட்டைலயும் ஸ்பிரிங் விசாரிக்க ஆரம்பிச்சேன். அங்க வயசான கடைக்காரர் ஒருத்தரு கேட்டாரு, "தம்பி, எவ்ளோ லோடு ஏத்துவீங்க?" எனக்கு பதில் தெரியல. "எடை போடாம ஸ்பிரிங் வாங்காதீங்க தம்பி, போயி போட்டுட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. அந்த மனுஷனுக்கு இன்னைக்கும் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன். வண்டலூர் பக்கம் லாரி எடை போடுற மேடைல முன் வீல மட்டும் ஏத்தி ஒரு தடவ, முழு வண்டிய ஏத்தி ஒரு தடவ. பின்னாடி தொட்டிக்கு மேல போட்ட மூடி, அரை டேங்க் டீசல், நான், காலி தொட்டி: முன்னாடி 1,180 கிலோ, பின்னாடி 860. ஏழு மூட்டை ஏத்தி மறுபடி: முன்னாடி 1,200, பின்னாடி 1,190. வழக்கமான லோடு அவ்ளோதான், வருஷத்துல நாலு நாள்தான் அதுக்கு மேல.

வீட்டுக்கு வந்து டேப்பு எடுத்து வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் வளைவு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதினேன். பின்னாடி வலது பக்கம் இடது பக்கத்த விட 18 எம்.எம். கம்மி. லாரி ஆளுங்க கமான் பட்டைன்னு சொல்ற அந்த லீஃப் ஸ்பிரிங் வளைவே இல்லாம நேரா படுத்துடுச்சு. பாதி பிரச்சன அதுதான்! லிஃப்ட் வேணும்னு நான் நினைச்சதுல பாதி, வண்டிக்கு ஏற்கனவே இருந்து தேஞ்சு போன உயரம்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல பிளாக்குன்னு ஒரு இரும்புக் கட்டை வைக்கிறது மலிவு, ஆனா அந்த நெம்புகோல்ல பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கும், ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் மிதிச்சா குதிக்கும். பட்டையோட ஒரு முனைய சேஸோட இணைக்குற ஷேக்கிள நீளமா போட்டா 2 இன்ச்சு நீளத்துக்கு 1 இன்ச்சுதான் தூக்கும், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலோட சேருற பினியன் கோணம் மாறி ஷாஃப்ட் அதிர ஆரம்பிக்கலாம். ரெண்டுமே வேணாம்னு முடிவு. ஏ.பி.எஸ். இல்லாத பழைய பிக்கப் வச்சிருக்கவங்க ஒண்ணு கட்டாயம் பாருங்க: நிறைய வண்டில பின் ஆக்சில்ல இருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்கு போகும், பாடி கீழ இறங்குனா லோடு இருக்குன்னு அது புரிஞ்சுக்கும். பின்னாடி தூக்கிட்டு அந்தக் கம்பிய சரி பண்ணலன்னா லோடு இருந்தாலும் வண்டி காலின்னு நினைச்சு பின் பிரேக்குக்கு பிரஷர் கொறைச்சுடும். உயிர் போற விஷயம் இது.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிடுச்சு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா, ஆர்.சி.ல இருக்குறது மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 4 இன்ச்சு, 6 இன்ச்சுன்னு போறவங்க இத யோசிங்க, இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் முன்னாடியே எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க.

கடைசியா நான் போட்டது முன்னாடி புது காயில், அதுக்கு சேந்த ஷாக், பின்னாடி முழு லீஃப் செட்டு, புஷ்ஷு, பட்டைய ஆக்சிலோட கட்டுற யூ போல்ட்டு எல்லாம் புதுசு. நிரந்தரமா 300 கிலோ ஏத்துறவங்களுக்கான பட்டையத்தான் நிறைய பேரு சொன்னாங்க, நான் அதுக்கு ஒரு படி கீழ எடுத்தேன், வாரத்துல ஆறு நாள் காலியாத்தானே ஓடுது, பின் சீட்ல அம்மா உக்காருவாங்க, முதுகு வலி வேற. அம்மா ஏறுறதுக்கு படியும் கீழ இறக்கி வச்சாச்சு. மொத்தம் 40 எம்.எம். உயரம் கூடுச்சு, மேல் கைய மாத்தாமலே வீல் அலைன்மென்ட் சரியான அளவுக்குள்ள வந்துடுச்சு, ஹெட்லைட்ட மட்டும் கீழ இறக்க வேண்டியிருந்துச்சு, அத மறந்தா எதிர்ல வர்ற பைக்காரனுக்கு கண்ணே தெரியாது. எங்க பேஸ்மென்ட் பார்க்கிங் பீமுக்கும் மூடிக்கும் நடுவுல இப்ப நாலு விரல் இடம்.

500 கிலோமீட்டர்ல யூ போல்ட்ட மறுபடி டைட் பண்ணச் சொல்லியிருந்தாங்க, போன சனிக்கிழமை பாடி ஏரியால கொண்டு போய் விட்டேன், நாலு போல்ட்டுல ரெண்டு போல்ட்டு கால் சுத்து திரும்புச்சு. டேப்பு வச்சு அளந்தேன், பின்னாடி ரெண்டு பக்கமும் 6 எம்.எம். உக்காந்திருக்கு, வலதும் இடதும் சமம்.