பெஞ்சில் அவருக்கு என்ன வேலை?

"லெவன் யார் போடறது தம்பி?" என்று அண்ணன் கேட்டார். எங்கள் கால்பந்து கிளப்புக்குத் திரும்பி வந்திருக்கும் பழைய ஆட்டக்காரர் அவர். ஆட்டத்தில் இறங்கும் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது கேள்வி. "கோச்தான் அண்ணே. நீங்க கருத்து சொல்லலாம்" என்றேன். பைலா, லீக் விதி, கிளப் வழக்கம் என்று எதை வைத்துப் பார்த்தாலும் அந்தப் பதிலில் தப்பில்லை. கமிட்டியில் இருந்த யாரும் மறுக்கவில்லை, அண்ணனும் மறுக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அந்த 'சரி'தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் கால் வைத்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் பலருடைய கதைதான் அவருடையதும். பையனாக இருந்தபோது உள்ளூர் கிளப், பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னையில் வேலை, அலுவலக டீமுக்கு ஆட்டம், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி, அறுபதில் ரிட்டையர்மென்ட், மறுபடியும் சொந்த ஊர். திரும்பி வந்தவருக்கு ஒரு இடம் தர வேண்டும் என்பதில் கமிட்டியில் இரண்டு கருத்து இல்லை. எந்த இடம் என்பதில்தான் கருத்தே இல்லை. 'ஆலோசகர்' என்று தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பெஞ்சில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அந்தப் பதிலைச் சொன்னேன். பெஞ்சில் இருப்பவர்கள் நிற்கலாம் என்று குறித்த டெக்னிக்கல் ஏரியா என்பது பெஞ்சின் இரு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் மைதானத்தின் பக்கக் கோடான டச்லைனுக்கு ஒரு மீட்டர் தள்ளி வரை. அங்கிருந்து ஆட்டக்காரர்களுக்கு உத்தி சொல்ல ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. 2019-ல் விதி இன்னும் இறுகியது. பெஞ்சில் இருக்கும் அதிகாரிகளுக்கும் ரெஃப்ரி மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். கத்தியது யாரென்று தெரியவில்லை என்றால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளர் பெயரில் அட்டை விழும். அண்ணன் எழுந்து "ஆஃப்சைடா அது?" என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். லைன்ஸ்மேன் திரும்பிப் பார்க்கும்போது நிற்பது கோச் மட்டும்தான். இது கற்பனை இல்லை, சீசனுக்குச் சீசன் ஏதாவது ஒரு மைதானத்தில் நடப்பதுதான்.

அட்டையாவது கணக்கில் வந்துவிடும். கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது. இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரனான நம் லெஃப்ட் பேக் பையனுக்குப் பதினேழு வயது. கோச் அவனை மேலே ஏறச் சொல்கிறார். ஓரத்தில் ஆடும் விங்கர் உள்ளே வெட்டிப் போகும்போது வெளிப்பக்கம் இடம் கிடைக்கும், பின்னால் நாலு, நடுவில் மூணு, முன்னால் மூணு என்று ஆடும் 4-3-3-ல் அந்த இடத்தை நிரப்புவது லெஃப்ட் பேக்தான். அண்ணனோ "ஆளை விடாதே, ஆளோடவே நில்லு" என்கிறார். அவர் ஆடிய காலத்தில் ஆளுக்கு ஆள் பிடிப்பதுதான் தடுப்பாட்டம். பையன் பாதி தூரம் ஓடி நின்றுவிடுகிறான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்தப் பக்கம் வழியாகத்தான் கோல் விழுகிறது. பழி பையன் மேல்.

அதே பையனிடம் அண்ணன் சொன்ன இன்னொன்று, சம்பளம் வாங்கும் எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை. "பந்து வர்றதுக்கு முன்னாடி தோளைத் திருப்பிப் பார். கிட்டக் கால்ல வாங்காதே, தூரக் கால்ல வாங்கு." உடம்பைப் பாதி திறந்து நின்று, பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளியிருக்கும் காலில் பந்தை எடுத்தால் முதல் தொடுதலிலேயே முன்னால் பார்த்தபடி திரும்பிவிடலாம். கிட்டக் காலில் எடுத்தால் முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு கோல்கீப்பருக்குத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொன்ன விஷயம் முழுக்கச் சரி, சொன்ன நேரம்தான் சரியில்லை. ஆட்டத்தின் நடுவில், கோச்சின் குரலுக்கு மேலே, டச்லைனில் நின்று சொன்னார்.

அப்படியானால் உதவிப் பயிற்சியாளராகவே போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஏணி டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, அதற்குமேல் ப்ரோ வரை போகிறது. எத்தனை சந்தோஷ் டிராபி ஆடியிருந்தாலும் பொதுவாகக் கீழ்ப்படியில்தான் ஏற ஆரம்பிக்க வேண்டும். டி வகுப்பில் ஒரு பயிற்சியைத் தாளில் வரையச் சொல்வார்கள், கோன் அடுக்கச் சொல்வார்கள். கூடப் படிக்கிறவர்களை மைதானத்துக்கு இறக்கி நடத்திக் காட்டச் சொல்லி மதிப்பெண் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருபது வயது இருக்கும். அண்ணனிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது சிரித்தார். மறுக்கவும் இல்லை, விண்ணப்பம் கேட்கவும் இல்லை.

பிரான்ஸின் பெரிய ஆட்டக்காரர் ஜிடானுக்கே இது நடந்திருக்கிறது. ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவுக்கு 2014-ல் பொறுப்பேற்றபோது, தேவையான லைசென்ஸ் இல்லை என்று ஸ்பெயின் சம்மேளனம் மூன்று மாதத் தடை விதித்தது. தடை பிறகு செல்லாமல் போனது என்பது வேறு விஷயம். அதற்கு முன்னால் கிளப் தலைவருக்கு ஆலோசகர், விளையாட்டு இயக்குநர், கோச் ஆன்செலாட்டிக்கு உதவியாளர் என்று ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்தவர் அவர். 2016 ஜனவரியில் முதல் அணி கைக்கு வந்தது. ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அடுத்தடுத்து மூன்று. இதைச் சொன்னால் எங்கள் கமிட்டியில் ஒருவர் "அது ஜிடான்பா" என்பார். ஆமாம், ஜிடான்தான். அவரே கீழ்ப்படியிலிருந்து வந்தார் என்றுதான் சொல்லவருகிறேன்.

எனக்கு நெருக்கமாகப் படுவது இத்தாலி ஆட்டக்காரர் டோட்டி கதை. ரோமா முதல் அணியில் 25 சீசன், வேறு கிளப் கிடையாது. 2017 மே மாதம் கடைசி ஆட்டம், உடனே அதே கிளப்பில் இயக்குநர். இரண்டே வருடம். 2019 ஜூனில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விலகுவதாகச் சொன்னார். அணி விஷயத்தில் தன்னை யாரும் உண்மையில் கலந்துகொள்ளவில்லை, பெயருக்குத்தான் பதவி என்பது அவர் குறை. மிலான் கிளப்பின் பழைய தடுப்பாட்டக்காரர் மால்டினி அதைவிடக் கறார். 2016-ல் மிலான் கூப்பிட்டபோதே, யாருக்கு என்ன பொறுப்பு என்பது தெளிவாக இல்லை என்று மறுத்துவிட்டார். 2018-ல் வேறு நிர்வாகம் வந்த பிறகுதான் உள்ளே போனார், 2019-ல் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார். 2022-ல் 11 ஆண்டுக்குப் பிறகு மிலான் இத்தாலி லீக்கை வென்றது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் 2023 ஜூனில் அதே மால்டினியை மிலான் வெளியே அனுப்பியது, அதுவும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன சீசன் முடிந்த கையோடு. அதற்குச் சில நாள் முன்னால், பயர்ன் மியூனிக் கிளப் ஜெர்மன் லீக்கை வென்ற அதே நாளில், அங்கே தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த அதன் பழைய கோல்கீப்பர் ஆலிவர் கானின் பதவி போனது. அதிகாரம் இல்லாதவர் தானாகப் போகிறார், அதிகாரம் இருந்தவரை அனுப்புகிறார்கள்.

அதனால் கிளப் அளவில் யோசித்தால் என்ன கொடுக்க முடியும் என்று பார்க்கிறேன். ஃபார்வர்டுகளுக்கு வாரம் ஒரு பயிற்சி கொடுக்கலாம். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே இரண்டு பக்கமும் பந்து போட ஆள், ஆறு ஃபார்வர்டு, பத்துப் பந்து, ஒரு கீப்பர். இரண்டு தொடுதலுக்குள் ஷாட். ஒருவன் அடித்து முடிப்பதற்குள் அடுத்தவன் கிளம்பிவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் கால் தளர்ந்து, கோல் கம்பத்துக்கு மேலே அடிக்கும் பழக்கம்தான் படியும். இதில் கெட்டுப்போகிற இடம் எப்போதும் ஒன்றுதான். அண்ணன் செய்துகாட்ட ஆரம்பிப்பார். தரையில் படும் முன்பே பந்தை அடிக்கும் ஒரு வாலி, இன்னொரு வாலி. பையன்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள், வரிசை நின்றுவிடும், யார் காலிலும் பந்து படாது. சூடேறாத கெண்டைக்காலில் அவருக்கே பிடிப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் அதுவும் கிடையாது.

பதிமூன்று வயதுக்குட்பட்டோர் செலக்‌ஷனை முழுக்க அவர் கையில் கொடுப்பது இன்னொரு வழி. கண் அவருக்கு உண்டு. ஆனால் அந்த வயதில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள், முந்தி வளர்ந்தவன் எல்லாவற்றிலும் முந்துவான். பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கும் உயரமானவன் மேல் ஒரு சாய்வு உண்டு. அதோடு முத்தியால்பேட்டையிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பெற்றோர் நேராக அவர் வீட்டு வாசலுக்கே வருவார்கள். "இல்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இதையெல்லாம் எண்ணித்தான் "கருத்து சொல்லலாம்" என்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நேரம் நம்புகிறேன். மீதி நேரம் வேறொன்று நினைவுக்கு வருகிறது. டோர்னமென்ட் ஃப்ளெக்ஸில் அவர் படம் இருந்தால் ஸ்பான்சர் பிடிப்பது சுலபம் என்று தீர்மானத்துக்கு முன்னாலேயே பேசியிருந்தோம். தெளிவான அதிகாரம் கொடுத்தால் அவர் ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு போகலாம், படமும் போய்விடும். மங்கலான பதவியில் யாரும் சண்டை போட முடியாது. அந்த மங்கல் அவருக்கு வசதியா, கிளப்புக்கு வசதியா? மரியாதை என்று நாங்கள் நினைத்தது உண்மையில் மரியாதைதானா? கோச்சுக்கு மாதச் சம்பளம், அண்ணனுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் பெட்ரோல் காசும் ஒரு பொன்னாடையும். அதையும் அவர் "சரி" என்றுதான் வாங்கிக்கொள்கிறார்.

லெவன் யார் போடுவது என்று கேட்டவர், லெவனைத் தானே போட வேண்டும் என்று கேட்கவில்லை. எதையாவது ஒன்றை, கார்னர் யார் அடிப்பது என்பதையாவது, தன் முடிவாக விடுவார்களா என்று கேட்டிருக்கலாம். அப்படிப் புரிந்துகொள்ள அவர் சொன்ன சொற்களில் இடமில்லை, கேட்ட குரலில் இருந்தது. அல்லது இப்போது நானாக ஏற்றிச் சொல்கிறேனோ என்னவோ.

அடுத்த சீசன் பதிவுக்கு அணி அதிகாரிகள் பட்டியல் கொடுக்க வேண்டும். மேனேஜர், கோச், உதவிக் கோச், கீப்பர் கோச், பிசியோ என்று கட்டங்கள். ஆலோசகருக்குக் கட்டம் இல்லை. உதவிக் கோச் என்று போட்டால் லைசென்ஸ் கேட்பார்கள். மேனேஜர் என்று போட்டால் பெஞ்சில் உட்காரலாம், ஆனால் டீம் ஷீட்டை நிரப்பி ரெஃப்ரியிடம் கொடுப்பதும், ஜெர்ஸி நம்பர் சரிபார்ப்பதும், ஆட்டக்காரர் அட்டைகளை வாங்கித் திருப்பிக் கொடுப்பதும் அவர் வேலையாகும். "வாட்டர் பாட்டில் கணக்கும் நானா?" என்றார் அண்ணன், பாதி விளையாட்டாக. கோச்சோ, கார்னரும் ஃப்ரீ கிக்கும் முழுக்க அண்ணன் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள், ஆட்டத்தன்று கேலரியில் உட்காரட்டும் என்கிறார். கமிட்டி இன்னும் கூடவில்லை.