கிளம்பற தேதிய யாரு எழுதறது?

மார்ச் 10
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கேரளா பக்கம் நம்ம தோப்பு, வேலியோரம் நிக்கற முள்ளிலவ மரம் பூரா குளிர்காலத்துக்கு இங்க வந்த சூறைக்குருவி (ரோஸி ஸ்டார்லிங்). பூவுக்குள்ள தலைய விட்டு மூஞ்சியெல்லாம் மகரந்தம். கள்ளு எறக்க வந்த அண்ணன் தென்னை உச்சியில இருந்தே "காது அடைக்குதுங்க அம்மணி"ங்கறாரு. வந்த புதுசுல அழுக்கா இருந்த முதுகு இப்ப நல்ல ரோஸ். சாயம் ஒண்ணும் புதுசா ஏறல, இறகு நுனி தேஞ்சு உள்ள இருந்த கலர் வெளிய வருது. மே மாசம் கஜகஸ்தான் பக்கம் போயி கூடு கட்டணும்ல.

மார்ச் 17
நெட்ல எங்க பாத்தாலும் வசந்தத்துல பறவைங்க வர்ற தேதி மாறுதுன்னுதான் பேச்சு. நமக்கு மார்ச் ஏப்ரல் கிளம்பற சீசன், அத யாரும் பேசக் காணோம். நெதர்லாந்துல பைட் ஃபிளைகேட்சர்னு ஒரு குருவி, மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து அங்க போகுது, 1980ல இருந்து 2000 வரைக்கும் பாத்ததுல அங்க வசந்தம் சூடாகி புழுவெல்லாம் முன்னாடியே வர, குருவியும் முட்டை போடறத முன்னுக்கு இழுத்துருச்சு, ஆனா வந்து சேர்ற தேதி மட்டும் நகரல (2001ல நேச்சர் இதழ்ல வந்தது). கிளம்பச் சொல்றது பகலோட நீளம், ஆப்பிரிக்காவுல உக்காந்துகிட்டு ஐரோப்பாவுல எவ்ளோ சூடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அப்ப முடிச்சு இருக்கறது கிளம்பற ஊர்லதான!

மார்ச் 30
கிழக்கத்திக் காத்து அடங்கிருச்சு. இலவ மரம் காலி.

ஏப்ரல் 7
காலின்னு எழுதி வெச்சா சாயங்காலம் ஒரு சின்னக் கூட்டம் கரண்டு கம்பியில உக்காந்திருக்கு. இதான் தொல்லை. வந்த தேதின்னா மொதல்ல கண்ணுல பட்டதும் எழுதிரலாம், போற பறவை இன்னிக்குத்தான் கடைசின்னு சொல்லிட்டா போகுது? வந்த தேதியும் அவ்ளோ சுத்தமில்ல, பாக்கற ஆளு கூடினாலே தேதி முன்னாடி போயிரும், பறவை அதே நாள்லதான் வந்திருக்கும்.

ஏப்ரல் 15
விஷு. பக்கத்து வீட்டு சேச்சி பாயசம் குடுத்தாங்க. ஆறுமணிக்குருவி (இந்தியன் பிட்டா), இதுவும் குளிர்காலத்துக்கு வந்ததுதான், கிணத்தடி வாழைக்குள்ள இருந்து இன்னும் விசில் அடிக்குது. மழைக்கு முன்னாடி வடக்க, மத்திய இந்தியா இமயமலை அடிவாரம்னு போயாகணும், இது இன்னும் அசையல.

ஏப்ரல் 24
நாலஞ்சு நாளா சத்தமே இல்ல, போயிருச்சுன்னு குறிக்கப் போனா அண்ணன் சிரிக்கறாரு. "கத்தலைன்னா இல்லைன்னு ஆயிருங்களா? நேத்துகூட சருகு கிளறிட்டு இருந்துச்சுங்க."

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் இருக்கறவங்க ஒரு உதவி பண்ணுங்க. பறவை பாத்தத பதிவு பண்ற இபேர்டு (eBird) தளத்துல போடறப்ப பாத்தது, சத்தம் கேட்டதுன்னு அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தயும் சேத்து முழுப் பட்டியலா போடுங்க, அப்பத்தான் அதுல ஒரு பறவை இல்லைங்கறதும் கணக்குல வரும். மே முடியற வரைக்கும் போடுங்க. வெயில் மண்டையப் பொளக்குதுதான், காலையில ஒரு பதினஞ்சு நிமிஷம் போதும்.