ஃபுல் ஃபிரேம் வாங்கும் முன் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்

படத்தைப் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் கிராப் கேமரா பாடியைக் கொடுத்துவிட்டு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "என்கிட்ட இருக்கிற லென்ஸ் இதுல மாட்டுமா?" என்பதுதான். மாட்டும் என்று பதில் வந்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். லென்ஸ் மவுண்டில் (அதை மாட்டும் வளையத்தில்) உட்காருவது வேறு, சென்சாரை நிரப்புவது வேறு. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வாங்கினால், செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் கேமராவுக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

லென்ஸ் வழியாகச் சென்சார் மேல் விழுவது வட்டமான வெளிச்சம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தால் 43.3 மி.மீ. நிக்கான், சோனி கிராப் சென்சார் 23.5க்கு 15.6, மூலைக்கு மூலை 28 சொச்சம். கேனான் கிராப் அதைவிடச் சிறியது: 22.3க்கு 14.9, மூலைக்கு மூலை 27க்குள் அடங்கிவிடும். கிராப்புக்கென்றே செய்த லென்ஸ் அந்தச் சின்ன வட்டத்தை நிரப்பினால் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எடையும் விலையும் குறைவாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 43 மி.மீ. கேட்கிற சென்சார் முன்னால் அதை வைத்தால் நடுவில் படம், மூலைகளில் கறுப்பு.

இதைக் காசு செலவில்லாமல் மொட்டை மாடியிலேயே பார்த்துவிடலாம். ஒரு கறுப்பு சார்ட் பேப்பரை லென்ஸின் பின்பாகத்தைச் சுற்றிக் குழாய் மாதிரி சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். கேனான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே எழும்பி இறங்கும் மிரர் உள்ள கேமரா) லென்ஸானால் மவுண்ட் வளையத்தின் உலோக விளிம்பிலிருந்து குழாய் 44 மி.மீ. வெளியே நீள வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் லென்ஸானால் 46.5 மி.மீ. அந்த முனையில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து பாருங்கள். ராயபுரத்து மாடி என்றால் துறைமுகத்து கிரேன் தலைகீழாகத் தொங்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் வானத்திலிருந்து கீழே வளர்ந்திருக்கும். அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 43 மி.மீ.க்கு மேல் வந்தால் ஃபுல் ஃபிரேமுக்கு ஆகும். ஜூம் லென்ஸ் என்றால் இரு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் வட்டம் ஜூமோடு சேர்ந்து மாறும். நிக்கான் லென்ஸில் பெரும்பாலானவை கழற்றியதும் அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். சோனி மிரர்லெஸ் (மிரர் இல்லாத கேமரா) லென்ஸுக்கு இந்த முறை சரிப்படாது, கரண்ட் இல்லாமல் ஃபோகஸே நகராது. அதைக் கடையிலேயே ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டி, கிராப் மோடை (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் அமைப்பை) அணைத்து, அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். ஹூடையும் ஃபில்டரையும் கழற்றிவிட்டு எடுங்கள், அவையே சில நேரம் மூலையைக் கறுப்பாக்கும்.

கேனான்காரர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். மவுண்ட் ஓரத்தில் வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ், அது கிராப் லென்ஸ். சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப். 6டி, 5டி மாதிரியான ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் சிவப்புப் புள்ளி லென்ஸ்தான் போகும். இஎஃப்-எஸ் மாட்டவே மாட்டாது. அதன் பின்பாகம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், பெரிய மிரர் எழும்பும்போது அதில் மோதும் என்பதால் கம்பெனியே மாட்ட முடியாதபடி செய்திருக்கிறது. பின்னால் இருக்கும் வளையத்தைச் சீவி எடுத்தால் மாட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், மிரர் உடைந்தால் போவது பாடி.

சிக்மா டிசி, டாம்ரான் டிஐ-2, டோகினா டிஎக்ஸ் ஆகியவையும் கிராப் லென்ஸ்களே. ஆனால் கேனானுக்காகச் செய்த இவற்றில் சாதாரண இஎஃப் மவுண்ட்தான் இருக்கும், சிவப்புப் புள்ளியும் இருக்கும். அதனால் 6டி-யில் கிளிக் என்று உட்காரும். புள்ளியை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் இது. கேனான் டிஎஸ்எல்ஆர் தானாகக் கிராப் செய்து கொடுக்காது, கறுப்பு வட்டத்தோடுதான் படம் வரும். சில விதிவிலக்குகளும் உண்டு: டோகினா 11-16 எஃப் 2.8 லென்ஸ் 16 மி.மீ. முனையில் ஃபுல் ஃபிரேமை நிரப்பும். அந்த ஒரு முனையை நம்பி அதை வைத்துக்கொள்பவர்கள் செய்வதில் தப்பில்லை. ஃபுல் ஃபிரேமுக்கு ஆனதைக் கண்டுபிடிக்க எழுத்தைப் பாருங்கள்: சிக்மாவில் டிஜி, டாம்ரானில் வெறும் டிஐ. மிரர்லெஸ்ஸுக்கான டாம்ரானில் டிஐ-3 பெரும்பாலும் ஃபுல் ஃபிரேம், அதோடு ஏ சேர்ந்திருந்தால் கிராப்.

கேனான் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்குப் போனால் நிலைமை இளகுகிறது. இஎஃப் மவுண்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. அடாப்டர் அந்த 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் குழாய் மட்டுமே, உள்ளே கண்ணாடி கிடையாது, படத்தின் தரம் குறையாது. மோதுவதற்கு மிரரும் இல்லாததால் இஎஃப்-எஸ்கூட மாட்டும், கேமரா தானாக 1.6 கிராப்புக்குப் போய்விடும். மூன்றாம் கம்பெனியின் கிராப் லென்ஸைக் கேமரா அடையாளம் காணாவிட்டால் மெனுவில் நாமே 1.6 கிராப்பைப் போட வேண்டும். இஎஃப்-எம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வழியே இல்லை: அது 18 மி.மீ. தூரத்துக்குச் செய்தது, 20 மி.மீ. பாடியில் இன்ஃபினிட்டி கிடைக்காது. பாடியோடு சேர்த்து விற்றுவிடுங்கள்.

நிக்கானில் டிஎக்ஸ் லென்ஸ் எந்த ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும், தானாகக் கிராப் ஆகும், வேண்டாமென்றால் மெனுவில் அணைக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஃபோகஸ் மோட்டார். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் மோட்டார் கிடையாது, அதனால் 50 எஃப் 1.8 டி மாதிரிப் பழைய லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருந்தது. டி610, டி750, டி850 பாடிகளில் மோட்டார் உண்டு, அதே லென்ஸ் அங்கே ஆட்டோஃபோகஸில் ஓடும். பாடியின் மவுண்ட் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் நுனி மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். இந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையத்தைக் கடைசி எண்ணான 22-ல் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் எஃப்இஇ என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஷட்டர் அடிக்காது. லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர்கள் இந்த டி லென்ஸ்களை நம்பி வாங்கக்கூடாது: பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை, மறுபடியும் கை ஃபோகஸ்தான்.

சோனியில் எளிது. லென்ஸ் மேல் எஃப்இ என்றிருந்தால் ஃபுல் ஃபிரேம், வெறும் இ என்றால் கிராப். ஃபூஜி எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த மவுண்டில் ஃபுல் ஃபிரேம் பாடியே கிடையாது, முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

சரி, கிராப் மோடிலேயே ஓட்டிக்கொண்டு மெதுவாக லென்ஸ் வாங்கலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். 1.5 கிராப்பில் சென்சாரின் பரப்பு 2.25 மடங்கு சுருங்கும், 24 மெகாபிக்சல் கேமரா 10 மெகாபிக்சலாகிவிடும். கேனானில் 2.56 மடங்கு, 20 மெகாபிக்சல் ஆர்6-ல் மிஞ்சுவது 7.7 சொச்சம். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி750 கிராப் மோடில் நீளவாக்கில் 3936 பிக்சல், 18-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 218. ஆல்பத்துக்குத் தாங்கும், ஆனால் மேலே கொஞ்சம் வெட்டி, கீழே கொஞ்சம் வெட்டி என்று விளையாட இடமில்லை. அதைவிட முக்கியமானது வெளிச்சம். காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் மீன் ஏலத்தை எடுக்கத்தானே ஃபுல் ஃபிரேம் வாங்குகிறோம்? இருட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) ஏற்றும்போது கிடைக்கும் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) சொச்சம் ஆதாயம் பெரிய பரப்பிலிருந்து வருகிறது. கிராப் மோடில் அந்த ஆதாயம் முழுக்கப் போய்விடும், கையில் இருப்பது விலை கூடிய கிராப் கேமரா.

வீடியோகாரர்களுக்கு மட்டும் இதில் ஒரு வசதி. சோனி ஏ7 மார்க் 4-ல் 4கே 60 ஃபிரேம் எடுத்தாலே சூப்பர் 35 கிராப்புக்குத்தான் போகும். ஸ்லோ மோஷன் அதிகம் எடுப்பவர் தன் பழைய கிராப் ஜூமை விற்க வேண்டியதில்லை.

வட்டம் நிரம்பினாலும் லென்ஸின் வேலை மாறிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கிராப்பில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மாதிரி வேலை செய்தது, மணப்பெண் முகத்துக்கு அளவாக இருந்தது. ஃபுல் ஃபிரேமில் அதே 50 அகலமாகத் தெரியும். பழைய அளவுக்கு முகம் வர வேண்டுமென்று கிட்டே போனால் மூக்கு பெரிசாகும், காது பின்னுக்குப் போகும். லென்ஸ் கெட்டுப்போகவில்லை, நிற்கும் தூரம்தான் மாறியிருக்கிறது. அந்த வேலைக்கு இனி 85 எஃப் 1.8. பழைய 18-55 மி.மீ. ஜூம் செய்த வேலைக்கு 24-70 அல்லது 24-105; திருவொற்றியூர் மாசித் தேரை மாடவீதி நெருக்கத்தில் நின்று எடுக்க உதவிய 10-18-க்குப் பதில் 16-35 அல்லது 17-40.

எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பறவை எடுப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர். கேனான் கிராப்பில் 55-250 லென்ஸ் 400 வரை இழுத்தது. ஃபுல் ஃபிரேமில் 70-300 வாங்கினாலும் 300 தான். பழைய 400 அளவுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டினால் 24 மெகாபிக்சல் 13 சொச்சம் ஆகும், அதே 24-ஐ கிராப் பாடி முழுசாகப் பூநாரை மேல் வைக்கும். பறவைதான் முக்கியம் என்றால் பழைய பாடியை விற்காதீர்கள். வாங்குபவர் கொடுக்கும் தொகையைவிட உங்களுக்கு அதன் உபயோகம் அதிகம்.

குரூப் போட்டோவிலும் கை பழக வேண்டும். ஒரே அளவு ஃபிரேமுக்கு, கிராப்பில் எஃப் 2.8 கொடுத்த தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக வரும் தூரம்) ஃபுல் ஃபிரேமில் எஃப் 4 வைத்தால்தான் கிடைக்கும். மண்டப மேடையில் மூன்று வரிசையாகச் சொந்தக்காரர்கள் நிற்கும்போது பழைய பழக்கத்தில் 2.8-லேயே அடித்தால் பின்வரிசைத் தாத்தா மங்கிவிடுவார். 5.6-க்குப் போங்கள், ஃபிளாஷ் இருக்கவே இருக்கிறது.

வாங்கும் வரிசையைப் பொறுத்தவரை எங்கள் அபிப்பிராயம் உறுதியானது: முதலில் லென்ஸ், பிறகு பாடி. சிவப்புப் புள்ளி இஎஃப் லென்ஸ் உங்கள் கிராப் பாடியிலும் இன்றே ஓடும். 50 எஃப் 1.8, 85 எஃப் 1.8 இரண்டையும் வாங்கி ஆறு மாதம் பழகிவிட்டு, பிறகு பாடியை மாற்றுங்கள். 24-70-ஐ மட்டும் முன்னாடியே வாங்கினால் கிராப்பில் அகலம் போதாமல் திண்டாடுவீர்கள், மண்டபத்தில் சுவரில் முதுகு ஒட்டும். அதைப் பாடியோடு சேர்த்து வாங்குங்கள். ஃபில்டருக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்: பாடியோடு வந்த கிட் லென்ஸின் 58 மி.மீ. ஃபில்டர் 77 மி.மீ. வாயுள்ள லென்ஸுக்கு ஆகாது. இனி வாங்குவதை 77-லேயே வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம்.

ஃபுல் ஃபிரேம் லென்ஸைப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்குவோம். கடலோரத்தில் ஓடிய லென்ஸ் என்றால் இரண்டு விஷயங்களை அங்கேயே பாருங்கள். ஒன்று ஃபங்கஸ். முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். தூசு புள்ளியாகத் தெரியும், அது படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட நூல் தெரிந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருந்தால் ஹேஸ். இவற்றில் எது இருந்தாலும், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கிராப் பாடியில் மாட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், கிராப் சென்சார் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும். ஒரு பக்கம் சாய்ந்துபோன லென்ஸின் குறை ஃபுல் ஃபிரேமின் மூலையில்தான் வெளிப்படும். முடிந்தால் கடையில் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டி, செங்கல் சுவரையோ ஷட்டர் கதவையோ நேராக நின்று அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு, எஃப் 5.6-ல் சரியாகும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது உப்பு. மவுண்டின் தொடர்புப் புள்ளிகளில் பச்சை படிந்திருந்தால் ஈரக் காற்றில் கிடந்திருக்கிறது. லேசான மங்கலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போகும். குழி விழுந்திருந்தால் நடுவேலையில் எரர் காட்டும். மவுண்ட் ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வாங்கி வந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் பாக்கெட்டில் எழுதியிருக்கிறபடி சூடாக்கி ஈரத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறை அந்த நிறத்தைப் பாருங்கள்.